கேட்டுக் கீரை பறிக்கிற வீடு

லூர்து,

கடுதாசி தலையில சிலுவை போடாம ஆரம்பிக்கிறேன். சேசு மரி சூசைன்னு எழுதாம உனக்கு இதுவரைக்கும் ஒரு வரி எழுதினது இல்ல நான். கோபத்துல எழுதப் போறதுக்கு ஆண்டவரைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்னு இன்னிக்கு விட்டுட்டேன். நான் சுகம். உங்க அக்காவும் சுகம். பாரிஸ்ல குளிர் எப்படி இருக்கு, சரியா சாப்பிடுறியான்னு எப்பவும் கேக்குறதை இன்னிக்குக் கேக்கப் போறதில்ல. உன்னோட வேலை பாக்குறவங்கள்ல தமிழ் தெரிஞ்சவன் யாராவது இருந்தா அவனையும் பக்கத்துல உக்கார வச்சுப் படி. எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல.

போன வாரம் உன் கடுதாசி வந்துச்சு. முக்கால்வாசி நீ அங்க யோசிக்கப் பழக்குற கம்ப்யூட்டர் மெஷினைப் பத்தி, கடைசியில கொஞ்சம் வீட்டைப் பத்தி. மெஷினைப் பத்தி எழுதினதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். பொம்பளைப் புள்ளைங்க ஸ்கூல்ல காலம் பூரா கணக்கு சொல்லிக் குடுத்தவ நான், அம்மாவுக்கு எங்க புரியப் போவுதுன்னு நினைச்சுக்காதே. நல்லாவே புரிஞ்சுது. அது நம்புறதையெல்லாம் ஒரு பக்கம் போடுறீங்க. அதுக்கு வேணுங்கிறது ஒரு பக்கம், செய்யலாம்னு வச்சிருக்கிறது இன்னொரு பக்கம். எது எதோட ஒத்துப்போவும், எது எதோட முட்டிக்கும்னு நடுவுல நூல் கட்டுறீங்க. சில நூல் தடிமன், சில நூல் மெலிசு. வெளியிலேர்ந்து ஒரு புது விதி வந்தா, யாரும் அதட்டி ஏத்துக்க வைக்கிறதில்ல. அதைச் சேத்துக்கிட்டா உள்ள இருக்கிறதெல்லாம் நல்லாப் பொருந்துதா, சேக்காம விட்டா பொருந்துதான்னு மெஷினே பாக்குது. பொருந்துச்சுன்னா அது தன்னோட சொந்த விதி. இல்லைன்னா வேணாம். சில சமயம் புதுசுக்காகப் பழசு ஒண்ணை எடுத்து வெளியே போட்டுடுமாம். நாளைக்கு இந்த மாதிரி மெஷினுங்க நிறையச் சேர்ந்து பழகும்போது போலீஸ்காரனே வேண்டியதில்ல, தானே ஒழுங்குக்கு வந்துடும்னு எழுதியிருந்தே. படிச்சப்போ பெருமையாத்தான் இருந்துச்சு. பக்கத்து வீட்டுல போய்ச் சொல்லிட்டு வரலாம்னு செருப்பைக்கூட மாட்டிட்டேன். அப்பத்தான் கடைசிப் பக்கம் படிக்காம இருக்கேன்னு ஞாபகம் வந்துச்சு.

"நம்ம வீட்டு விஷயத்தையும் இதே மாதிரி யோசிச்சுப் பாத்தேன் அம்மா"ன்னு ஆரம்பிச்சிருக்கே. அப்பா போயாச்சு. தலத்தெரு வீட்டை வித்துடலாம். அம்மாவுக்கு வயசாவுது, என்னோட வந்து இருக்கட்டும். அக்காவுக்குக் கல்யாணத்தப்பவே நகையும் பாத்திரமும் குடுத்தாச்சு. நம்ம சொந்தத்துல எந்தப் பொண்ணும் வீட்டுல பங்கு கேட்டது கிடையாது. அக்காவும் கேக்காது. அப்பா இருந்தா அவங்களும் இதைத்தான் சொல்லியிருப்பாங்க. இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்துது. பொருந்தாம நிக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், நம்ம குடும்பத்துக்கு இருக்கிற பிரெஞ்சுச் சட்டம். அதுல பொண்ணுக்கும் புள்ளைக்கும் சமபங்கு. அதனால, பத்திரம் முடிக்கிற நொத்தேர் முன்னாடி அக்கா வந்து, பங்கு வேணாம்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டா எல்லாம் நேராயிடும். இப்படி எழுதியிருக்கே. என்னைக் கேக்காம நொத்தேருக்கும் எழுதி நாள் வாங்கியிருக்கே, வர்ற திங்கக்கிழமை. நேராயிடும்னு எழுதுறப்போ உனக்குக் கை கூசலையாடா?

ஒண்ணு கேக்குறேன். அக்காவும் கேக்காதுன்னு எழுதினியே, அது யாரு சொன்னது? அக்காவா? அக்கா நினைக்கிறதைப் போட வேண்டிய எடத்துல, அக்கா என்ன நினைக்கும்னு நீ நினைக்கிறதைப் போட்டிருக்கே. அப்புறம் பொருந்தாம என்ன செய்யும்? நூல் கட்டினதும் நீ, எது தடிமன் எது மெலிசுன்னு முடிவு பண்ணினதும் நீ. உன் வசதியெல்லாம் தாம்புக்கயிறு, அக்கா பங்கு தையல் நூல். தையல் நூல் அறுந்ததும், நான் என்ன பண்றது, கணக்கு அப்படி வருதுன்னு கையை விரிக்கிறே. விடையை முதல்ல எழுதிட்டு அப்புறமா கணக்குப் போடுற புள்ளைங்களை நான் நிறையப் பாத்திருக்கேன். அந்தப் புள்ளைங்களை எழுப்பி நிக்க வைப்பேன். நீ என் கைக்கு எட்டாத தூரத்துல உக்காந்திருக்கே.

அக்கா நிலைமை உனக்குத் தெரியாததா? மாப்பிள்ளை குவைத்துக்குப் போனாரு, கொஞ்ச நாள்ல அவரு கடுதாசியும் நின்னுபோச்சு, பணமும் நின்னுபோச்சு. நீ பெருசா எழுதுறியே நகை, அதை வித்துத்தான் அவரு டிக்கெட் வாங்கினது. திருமலைராயன்பட்டினத்துல இருந்த வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு ஒத்தைப் பெட்டியோட வந்து நின்னுச்சு. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்ல டைப் அடிக்குது. அந்தச் சம்பளத்துல என்னையும் சேத்துப் பாத்துக்குது. வீட்டை வித்துட்டு நான் உன்னோட வந்துட்டா அது எங்க போவும்? அந்தக் கேள்வி உன் கடுதாசியில இருக்கும்னு தேடித் தேடிப் பாத்தேன். இல்ல. அதைப் போட்டிருந்தா பொருந்தியிருக்காது, அதான் போடல நீ.

சட்டம்தான் பொருந்தலைங்கிறே. அந்தச் சட்டம் நம்ம வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? பிரெஞ்சுக்காரன் ஆண்டப்போ, எங்க சாதி வழக்கம் எங்களுக்கு வேணாம், உங்க சட்டமே இருக்கட்டும்னு இஷ்டப்பட்டவங்க எழுதிக் குடுக்கலாம். அப்படி எழுதிக் குடுத்தவங்களுக்குத்தான் ரெனோன்சான்னு பேரு. உங்கப்பாவோட தாத்தா போய் எழுதிக் குடுத்தாரு. எழுதிக் குடுத்துட்டு, கூடவே ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பேரும் வாங்கிட்டு வந்தாரு. அந்தப் பேரைத்தான் நீ இப்ப பாரிஸ்ல கதவுல எழுதி ஒட்டியிருக்கே. பொண்ணுக்கும் புள்ளைக்கும் சமமா குடுக்கணும்னு மனசு துடிச்சா எழுதிக் குடுத்தாரு? சர்க்கார் உத்தியோகத்துக்கு. ஒரே கையெழுத்துல ஒரு தேசத்துச் சட்டம் மொத்தத்தையும் ஏத்துக்கிட்டாரு, அதுல ஒரு வரிகூட அவரு வீட்டு வாசப்படி ஏறல. அவரு போனதும் அவரு மகனுங்க தங்கச்சிங்களை ஒவ்வொண்ணா நொத்தேர்கிட்ட கூட்டிட்டுப் போய், பங்கு வேணாம்னு எழுதி வாங்கினாங்க. அதுலேர்ந்து அதுவே வழக்கமாயிடுச்சு. சட்டம் குடுத்ததைச் சட்டப்படியே பிடுங்கிக்கிறது. சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. உன் மெஷினுங்களை மாதிரியே போலீஸ்காரன் வேண்டியதில்ல.

தெரேசு அத்தை கையெழுத்துப் போட்ட அன்னிக்கு நானும் போயிருந்தேன். உங்கப்பாவுக்கு ஒரே தங்கச்சி. உங்க தாத்தா இறந்து துக்கம் கழிஞ்ச நேரம், நீ அப்பத்தான் ஸ்கூல்ல சேந்திருந்தே. நொத்தேர் பத்திரத்தைப் பிரெஞ்சுல கடகடன்னு வாசிச்சாரு. முடிச்சுட்டு, "புரிஞ்சுதாம்மா?"ன்னு தமிழ்ல கேட்டாரு. அத்தை அவரைப் பாக்கல, உங்கப்பாவைத்தான் பாத்துச்சு. "போடும்மா"ன்னாங்க அப்பா. போட்டுச்சு. சிரிச்சுக்கிட்டேதான் போட்டுச்சு, அதை மறக்காதே. அண்ணன் எடுத்துக் குடுத்த பட்டுப்புடவையைக் கட்டிட்டு வந்திருந்துச்சு. புருஷன் நல்லா இருந்தாரு, தனி வீடு இருந்துச்சு, பொறந்த வீட்டுல பங்கு கேக்குறவ பேராசைக்காரின்னு அதுக்கும் எண்ணம், எனக்கும் எண்ணம். கையெழுத்து முடிஞ்சதும் எல்லாரும் கலர் குடிச்சோம். அந்த ரூம்ல இருந்த ஒருத்தர் மனசுலகூட ஒரு உறுத்தல் இல்ல. உன் மெஷினைக் கொண்டாந்து அங்க வச்சிருந்தா, இதைவிட நல்லாப் பொருந்துற குடும்பத்தை நான் பாத்ததே இல்லன்னு சொல்லியிருக்கும். எல்லாரும் சேந்து ஒரு தப்பை நம்பினா அதுவும் பொருந்தத்தான் செய்யும் லூர்து. பொருந்துறதை மட்டும் பாத்துட்டு இது நியாயம்னு ஒரு மெஷின் சொன்னா, அந்த மெஷின் உங்கப்பாவோட தாத்தாவைவிட ஒண்ணும் பெரிய ஆளு இல்ல.

அதுக்கப்புறம் கொஞ்ச வருஷத்துல அத்தையோட புருஷன் மாரடைப்புல போயிட்டாரு. கடன்ல அந்தத் தனி வீடும் போச்சு. நம்ம வீட்டுக்கு வந்துச்சு. நாங்க யாரும் ஒரு குறையும் வைக்கல. பின்கட்டு அறையை ஒழிச்சுக் குடுத்தோம், வாய் நிறைய வான்னு சொன்னோம். ஆனா வந்த நாள்லேர்ந்து அது ஒண்ணு பழகிக்கிச்சு. கொல்லையில இருக்கே அந்த முருங்கை மரம், அது அத்தை சின்னப் புள்ளையா இருந்தப்போ தன் கையாலேயே கிளையை வெட்டிப் போத்தா நட்டு வளத்தது. அதுலேர்ந்து ஒரு கொத்துக் கீரை வேணும்னா அடுப்படிக்கு வந்து நிக்கும். "அண்ணி, கொஞ்சம் கீரை பறிச்சுக்கட்டுமா?" நானும், "பறிச்சுக்கோ தெரேசு"ன்னு சொல்லுவேன். வேற யாரும் அந்த வீட்டுல கேட்டது இல்ல. பால்காரிகூட கேக்காம ஒடிச்சுட்டுப் போவா. எனக்கு அப்போ அது மரியாதையாத்தான் தெரிஞ்சுது. நான் பறிச்சுக்கோன்னு சொல்லச் சொல்லத்தான் அது கேக்க வேண்டியதா ஆச்சுன்னு இப்பத்தான் உறைக்குது.

நீ மரம் ஏறிக் கிளையை முறிச்சது ஞாபகம் இருக்கா? முருங்கையில ஏறாதே, மளுக்குன்னு முறியும்னு எத்தனை சொல்லியும் கேக்கல. கிளையோட கீழ விழுந்தே. அடி ஒண்ணும் இல்ல, எழுந்து டவுசரைத் தட்டிட்டு விளையாடப் போயிட்டே. அத்தைதான் அடுப்படிக்கு ஓடி வந்துச்சு. "நான்தான் பாத்துக்காம விட்டுட்டேன் அண்ணி, மன்னிச்சுக்கோங்க, அண்ணன்கிட்ட நானே சொல்லிடுறேன்." மரத்தை முறிச்சது நீ, மன்னிப்புக் கேட்டது மரத்தை நட்டவ. அப்பா வந்து பாத்தாங்க, உன்னை ஒரு வார்த்தை கேக்கல, அத்தையைப் பாத்து, "விடு, போவட்டும்"னாங்க. பெரிய மனசு பண்ணி மன்னிச்சாங்களாம். அப்பா இதைத்தான் சொல்லியிருப்பாங்கன்னு எழுதியிருக்கியே, அவங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு எனக்கே தெரியாது. அந்தப் பத்திரத்தைப் பத்தி சாவுற வரைக்கும் அவங்க வாயைத் திறக்கல. பேசாமப் போனவங்க வாயில உனக்கு வேணுங்கிற வார்த்தையைத் திணிக்காதே.

அத்தை கடைசியா படுத்தப்போ நீ மெட்ராஸ்ல காலேஜ்ல இருந்தே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ரிக்‌ஷா வந்து வாசல்ல நிக்குது. நான் கைத்தாங்கலா எழுப்புறேன், என் கையைப் பிடிச்சுக்கிச்சு. "அண்ணி, ஆஸ்பத்திரி வேணாம். நான் இங்கேயே இருந்துக்கட்டுமா?" அது பொறந்த வீடு லூர்து. அந்த வீட்டுல சாவுறதுக்கு என்கிட்ட உத்தரவு கேட்டுச்சு. ரிக்‌ஷாவைத் திருப்பி அனுப்பிட்டு, "இரு தெரேசு"ன்னு சொன்னேன். அப்பவும் நான் சம்மதம் குடுக்குறவளாத்தான் நின்னேன். அன்னிக்குச் சாயந்திரமே போயிடுச்சு.

இப்ப சொல்லு. அது சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டதை மட்டும் உன் மெஷின்ல போட்டா எல்லாம் பொருந்தும். அதுக்கு அப்புறம் நடந்ததையும் போடு. பழசு ஒண்ணை எடுத்து வெளியே போடும்னு சொன்னியே, அப்போ எது வெளியே வருதுன்னு பாக்குறேன். சட்டமா, வழக்கமா?

உன் கடுதாசியை அக்காகிட்ட நான் காட்டல. மேசை டிராயர்ல வச்சிருந்தேன், பேனா தேடுறப்போ எடுத்துப் படிச்சிருக்கு. நேத்து ராத்திரி சாப்பாட்டுல ரசத்தை ஊத்திக்கிட்டே சாதாரணமா சொல்லுது.

"தம்பி சொல்றது சரிதானம்மா. திங்கக்கிழமை லீவு போட்டுட்டு வந்து போட்டுடுறேன்."

"என்னடி சரி?"

"கல்யாணத்துக்கு எல்லாம் செஞ்சீங்கள்ல."

"செஞ்சது எங்க இருக்கு இப்போ? காட்டு பாப்போம்."

"அது என் தலையெழுத்து. அதுக்குத் தம்பி என்ன பண்ணும்?"

"வீட்டை வித்துட்டா எங்க இருப்பே?"

"ஆபீஸ் பக்கத்துல ஒரு ரூம் பாத்துக்குறேன். எல்லாரும்தான் போட்டிருக்காங்க. நான் மட்டும் மாட்டேன்னா தம்பி என்னைப் பத்தி என்ன நினைக்கும்? உங்களுக்கு அப்புறம் எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதானேம்மா."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தட்டைத் தள்ளிட்டு எழுந்துட்டேன். வீட்டைக் குடுத்துட்டு உன்னை வச்சுக்கலாம்னு பாக்குது உங்க அக்கா. உன்னை இடுப்புல தூக்கிட்டு இந்தத் தெருவெல்லாம் திரிஞ்ச பொண்ணு, உனக்குக் காய்ச்சல்னா பரீட்சைக்குப் படிக்காம ஈரத்துணி போட்ட பொண்ணு, நீ வேணும்னா விலை குடுக்கணும்னு முடிவு பண்ணிடுச்சு. அக்கா கேக்காதுன்னு எழுதினியே, நீ சொன்னது பலிச்சுடுச்சு. சந்தோஷமா உனக்கு? ஏன் கேக்கலன்னு தெரிஞ்சுக்கிட்டியா இப்போ?

இன்னிக்குக் காலையில நான் அடுப்படியில இருந்தேன். அக்கா முறத்தை எடுத்துக்கிட்டு கொல்லைக் கதவு வரைக்கும் போச்சு. தினம் போற கதவுதான். தாழ்ப்பாள் மேல கையை வச்சது, திறக்காம நின்னுச்சு. திரும்பி என்னைப் பாத்துக் கேக்குது.

"அம்மா, கொஞ்சம் கீரை பறிச்சுக்கட்டுமா?"

என் கையில இருந்த கரண்டி கீழ விழுந்துடுச்சு. நேத்து வரைக்கும் கேட்டதே இல்லடா அது. கையெழுத்து இன்னும் போடல. நொத்தேர் வீட்டு வாசலை மிதிக்கல. உன் கடுதாசியை ஒரு தடவை படிச்சுச்சு, அவ்வளவுதான். உங்கப்பாவோட தாத்தா கையெழுத்துப் போட்டும் அந்தச் சட்டம் அவருக்குள்ள போகவே இல்ல. உங்க அக்கா கையெழுத்துப் போடாமலே வழக்கம் அதுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. என்ன கேட்டோம்னு அதுக்கே தெரியல, என்னம்மா ஆச்சுன்னு பதறிப்போய் ஓடி வந்து என் கையைத் தேய்ச்சு விடுது. பறிச்சுக்கோன்னு மட்டும் சொல்லக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். அப்புறம், "உன் மரத்துக்கு என்னை ஏண்டி கேக்குறே?"ன்னு கத்தினேன். அழுதுட்டேன். அதுவும் அழுதுச்சு.

அது ஆபீஸுக்குப் போனதும் புடவையை மாத்திக்கிட்டு நானே நொத்தேரைப் பாக்கப் போனேன். திங்கக்கிழமை நாங்க யாரும் வரல, எப்பவும் வரப் போறதில்லன்னு சொல்லிட்டேன். வீட்டுல எனக்குப் பங்கு இருக்கு, உங்க ரெண்டு பேருக்கும் சமமா பங்கு இருக்கு, மூணு பேரும் ஒத்துக்காம வீடு கை மாறாதுன்னாரு. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் ஒத்துக்கப் போறதில்ல, பாரிசுக்கும் வரப் போறதில்ல. எனக்கு அப்புறம் என்ன ஆவும்னுதான் பயமா இருக்கு. என் கையெழுத்தை நான் தடுத்து வச்சுக்கலாம், அக்கா கையெழுத்தை என்னால தடுக்க முடியாது. போடுன்னு நீ சொல்ற ஒரு வார்த்தைக்குத்தான் அது காத்துக்கிட்டு இருக்கு.

அதனால நீ வா. லீவு இல்ல, மெஷின் நின்னுபோவும்னு கதை சொல்லாதே, வா. வந்து பெட்டியை வச்சுட்டு நேராக் கொல்லைக்குத்தான் போவே, எப்பவும் அப்படித்தான். கையை நீட்டி ஒரு கொத்து ஒடிப்பே, ரெண்டு இலையை வாயில போட்டு மெல்லுவே. யாரையும் கேக்க மாட்டே. கேக்கணும்னே உனக்குத் தோணாது. அது ஏன் தோணலன்னு கண்டுபிடிச்சுட்டு, அதுக்கு அப்புறமும் உனக்கு வாய் வந்துச்சுன்னா, அக்கா முகத்தைப் பாத்து அந்தக் கையெழுத்தைக் கேளு.

உன் அம்மா